டாரியோவின் நாலு தொப்பிகள்

எங்கள் மொரூண்டியில் செல்போன் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். தின்பண்டக் கடையும் சேர்ந்த என் தபால் நிலையத்தின் பக்கவாட்டில், தண்ணீர்த் தொட்டி நிழலில், சுவரை ஒட்டி இரண்டடி. அந்தச் சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு உள்பக்கம் என் நாற்காலி. நாற்காலியை நான் வேண்டுமென்று அங்கே போடவில்லை. இருபத்தாறு வருஷமாக அது அங்கேதான் கிடக்கிறது, சிக்னல்தான் பின்னால் வந்து சேர்ந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் வேறு மாதிரி பேசுவார்கள்.

ஆக, டாரியோ பெசூட்டியின் கேமரா கதை எனக்குத் தெரிந்த அளவுக்கு டாரியோவுக்கே தெரியாது.

டாரியோவுக்கு என் கடைக்கு எதிர்ப்புறம், ரோட்டைத் தாண்டினால் கரும்பு. அவர் அப்பா போட்டது, இவர் பெருக்கியது. இரண்டு வருஷமாகக் காட்டுப் பன்றிகள் புகுந்து துவம்சம் செய்தன. ஒரு பன்றி தின்பதைவிடச் சாய்ப்பதுதான் அதிகம். சுட்டுத் தள்ளலாம் என்றால், இரண்டு ஆள் உயரக் கரும்புக்குள் பன்றி எங்கே நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் அந்த வெப்பக் கேமராவை வரவழைத்தார். பைனாகுலர் மாதிரி கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருப்பதெல்லாம் வெள்ளையாகத் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு.

வந்த அன்றைக்கு என் கவுண்டரில் வைத்தே பிரித்தார். கவுண்டர் மேல் உள்ளங்கையைப் பத்து எண்ணும் வரை அழுத்தி எடுத்துவிட்டு, கேமராவை என்னிடம் நீட்டினார்.

"பாரு க்வெண்டா, என் கை போயிடுச்சு. ஆனா கை இருக்கு பாரு."

பார்த்தேன். வெறும் பலகையின் மேல் ஐந்து விரலும் வெள்ளையாக மினுங்கிக்கொண்டிருந்தன. தபால் வாங்க வந்த பதினோரு பேரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு கை பதித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நான் கவுண்டரை மூன்று தடவை துடைத்தேன்.

அந்தச் சந்தோஷம் சரியாக மூன்று வாரம். மார்ச் மாத வெயிலில், வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே கேமராவை வைத்துவிட்டு டாரியோ பல் டாக்டரிடம் போய்விட்டார். திரும்பி வந்தபோது பேட்டரி உப்பி, மூடி திறந்துகொண்டிருந்தது. பார்சல் கட்டி அனுப்பினார். ஆறு வாரம் கழித்துப் புது பேட்டரியோடு திரும்பி வந்தது. கூடவே கம்பெனி பெயர் போட்ட தொப்பி ஒன்று. ஒரு கடிதமும்: 'சாதனத்தை எப்போதும் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்.' கடிதத்தை டாரியோ நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். சட்டப்படி நடக்கிற மனுஷன்.

அதற்கப்புறம்தான் விவகாரம் ஆரம்பித்தது. கரும்பு ஓரத்துக்குப் போய்க் கேமராவை எடுத்தால், திரையில் சாம்பல். பன்றியும் சாம்பல், கரும்பும் சாம்பல், பக்கத்தில் நிற்கிற மனைவி லொரெட்டாவும் சாம்பல். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார், வேறெங்கே, என் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று சொல்லிவிட்டு அந்தம்மாள் ஒரு புல்லாங்குழலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். நாற்பது நிமிஷம், ஐம்பது நிமிஷம். டாரியோ போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டி மேல் வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஜூன் மாதத்துக்குள் அந்தப் புல்லாங்குழல் ஊருக்கே மனப்பாடம். புல் வெட்ட வருகிற நகராட்சிக்காரன் சீட்டியடித்துக்கொண்டே வெட்டினான். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற டெல்மா, காணிக்கை நேரத்தில் தன்னை அறியாமல் அதையே வாசித்துவிட்டாள். பாதிப் பேர் கூடவே முணுமுணுத்தார்கள்.

லைனில் ஆள் வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ஸார், லென்ஸ் மூடியைக் கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன்மா. போன தடவையும் கழட்டியிருந்தேன். அதுக்கு முந்தின தடவையும் கழட்டியிருந்தேன். மூடி எங்க இருக்குன்னே இப்ப எனக்குத் தெரியாது."

பிறகு பார்சல். பிறகு ஆறு வாரம். பிறகு அதே கேமரா, 'பழுது எதுவும் இல்லை' என்கிற சீட்டு, இன்னொரு தொப்பி. மறுபடி சாம்பல். மறுபடி புல்லாங்குழல். மறுபடி பார்சல். இந்தத் தடவை சீட்டில் ஒரு வரி கூட இருந்தது: 'லென்ஸ் சுத்தம் செய்யப்பட்டது. பழுது எதுவும் இல்லை.' மூன்றாவது தொப்பி.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த பேட்டரி பார்சலுக்கு அப்புறம் டாரியோ அனுப்பக் கொண்டுவரும் பார்சல் ஒவ்வொன்றும் அடியில் நமுத்திருக்கும். கம்பெனியிலிருந்து திரும்பி வருகிற பார்சல் மொறுமொறுவென்று இருக்கும். இருபத்தாறு வருஷம் பார்சல் தூக்கிய கை, தொட்டாலே தெரியும். மூன்றாவது தடவை லேசாக இறால் வாடை வேறு. பிரித்துப் பார்க்கிற பழக்கமெல்லாம் எனக்கில்லை. ஆனால் முகர்ந்து பார்க்கக் கூடாது என்று எந்த ரூல் புத்தகத்திலும் இல்லை. "கம்பெனிக்காரனைக் குளிரவைக்க டாரியோ கேமராவோட பீரும் இறாலும் சேர்த்து அனுப்பறார் போல" என்று தபால் வேன் ஓட்டுகிற கெல்வினிடம் சொன்னேன். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மெர்லிடம் சொன்னேன். டெல்மாவிடம் சொன்னேன், பாதிரியாரிடம் சொன்னேன், லொரெட்டாவிடமே சொன்னேன். அவள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "அந்த ஆளு செஞ்சாலும் செய்வாரு" என்றாள். டாரியோவிடம் மட்டும் சொல்லவில்லை. ஒருத்தரைப் பற்றிய கதையை அவரிடமே சொன்னால் அதில் என்ன ருசி?

செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாலாவது தடவையாகக் கேமரா திரும்பி வந்தது. 'பழுது எதுவும் இல்லை.' வாரண்டி அந்த மாதத்தோடு முடிகிறது என்று ஒரு நினைவூட்டல். நாலாவது தொப்பி.

"இதோட விட்டுடறேன்" என்றார் டாரியோ. "இன்னிக்கி சாயங்காலம் எதிர்த்த வயலைக் கொளுத்தறோம். கரும்பே இல்லாத எடத்துல பன்றி எங்க நிக்கும்? கேமராவும் வேணாம், கேமராவோட பாட்டும் வேணாம்."

எங்கள் பக்கம் கரும்பை வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்திவிடுவது வழக்கம். மறுநாள் விடிந்ததும் அறுவடை மிஷின் இறங்கும், ஆலை ரயில் வந்து நிற்கும். முறை வைத்துத்தான் எல்லாம். உன் முறையில் நீ கொளுத்தவில்லை என்றால் மிஷின் அடுத்த வயலுக்குப் போய்விடும். மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பும். அதற்குள் மழை வந்தால் கதை முடிந்தது. அன்றைக்கு ஐந்தரைக்குக் கொளுத்துவதாக ஏற்பாடு. தண்ணீர் டேங்க் வண்டிகளுக்குக்கூடச் சொல்லியாயிற்று.

மூன்று மணிக்கு மெர்ல் ஸ்கூல் பஸ்ஸை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். உள்ளே நாலு பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தன.

"டாரியோ எங்க? என் புட்டிங் அந்தக் கரும்புக்குள்ள போயிட்டா!"

புட்டிங் மெர்லின் நாய். குட்டைக் கால், பெரிய வயிறு. வயிறு அந்த மாதத்தில் இன்னும் பெரிதாகி, தரையில் இழுத்துக்கொண்டு நடந்தது. இரண்டு நாளாக வீட்டில் காணோம். அன்று மதியம் பஸ்ஸிலிருந்து பார்த்தாளாம், கரும்பு ஓரத்துச் சாக்கடையில் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே நுழைந்ததை. வயிறு ஒட்டிப் போயிருந்ததாம்.

"குட்டி போட்டுட்டா, க்வெண்டா. உள்ளதான் எங்கயோ போட்டிருக்கா. கூப்பிட்டா வரமாட்டா, குரலும் குடுக்கமாட்டா. எனக்குத் தெரியும் அவளை."

டாரியோ வந்தார், விஷயம் கேட்டார், மொட்டைத் தலையைத் தேய்த்துக்கொண்டார்.

"மெர்ல், அது முப்பது ஏக்கர்."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. நாய் உள்ள இருக்கறப்ப நான் தீ வைக்கப் போறதில்ல. ஆனா நான் வைக்கலேன்னா மூணு வாரம் போச்சு. ரெண்டு மணி நேரந்தான் இருக்கு, அதுக்குள்ள எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு சொல்லு."

"உன்கிட்ட அந்தப் பன்றிக் கேமரா இருக்கே! நாயும் சூடாத்தானே இருக்கும்?"

டாரியோ முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்து போனது. வண்டியின் பின்பக்கம் போய்க் கேமராவை எடுத்துக்கொண்டு வயல் ஓரத்துக்குப் போனார். அவருடைய தோள்கள் தொங்கியதை இங்கிருந்தே பார்த்தேன். சாம்பல்.

நேராக என் தொட்டிக்கு வந்தார். மூன்றே கால். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்.' புல்லாங்குழல் ஆரம்பித்தது. மெர்ல் பஸ் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள், புல்லாங்குழல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. லொரெட்டா வந்தாள். சாயங்காலத் தபாலை எடுக்கக் கெல்வின் வந்தான். நான் ஜன்னலை முழுசாகத் திறந்துவைத்தேன், காற்றுக்காக. நாலே கால் வாக்கில் ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம், என் பேரு செலா. ஸார், லென்ஸ் மூடியைக்..."

"கழட்டியாச்சு!" நாலு பேர் ஒரே குரலில் கத்தினோம்.

செலா கேட்டாள்: "அங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஊரே இருக்கோம்மா" என்றாள் மெர்ல். "என் நாய் கரும்புக்குள்ள குட்டி போட்டிருக்கு. அஞ்சரைக்குக் கொளுத்தணும். இந்தக் கேமராவுல தெரிஞ்சா நாய் பொழைக்கும், இல்லேன்னா இந்த மனுஷன் பொழைக்கமாட்டான்."

"அய்யோ" என்றாள் செலா. அந்த 'அய்யோ' எழுதிவைத்துப் படித்தது இல்லை. இத்தனை மாதத்தில் அந்த நம்பரிலிருந்து நான் கேட்ட முதல் மனுஷக் குரல். "ஒரு நிமிஷம், உங்க பழைய ரிப்போர்ட்டைப் பாக்கறேன். ஸார், எங்க லேபுல ஒவ்வொரு தடவையும் இது சுத்தமா வேலை செஞ்சிருக்கு. உங்க ஊருக்கு வந்தாத்தான் சண்டித்தனம் பண்ணுது. லென்ஸைச் சுத்திக் காஞ்ச தண்ணிக்கறைன்னு ரெண்டு எடத்துல எழுதியிருக்காங்க."

"தண்ணிக்கறையா? நான் என்ன இதை ஆத்துலயா முக்கறேன்?"

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. இருந்திருந்தாலும் அன்றைக்குத் திறந்திருக்கும்.

"பார்சல் ஈரமாத்தானே இருந்துச்சு" என்றேன்.

டாரியோ மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினார். "எந்தப் பார்சல்?"

"எல்லாந்தான். நீ கொண்டுவர்றப்பல்லாம் அடியில நமுத்துக் கெடக்கும். ஜூலையில இறால் வாடை கூட அடிச்சுது."

"ஆமா, இதை அப்பவே என்கிட்ட சொன்னியே" என்றான் கெல்வின்.

"என்கிட்டயும்" என்றாள் மெர்ல்.

லொரெட்டா வானத்தைப் பார்த்தாள். டாரியோ அதையும் பார்த்துவிட்டார்.

"பொண்டாட்டி உட்பட ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?"

"நீ கேக்கவே இல்லையே டாரியோ" என்றேன். சொல்லும்போதே அது எடுபடாது என்று தெரிந்தது.

போனிலிருந்து செலா குரல் கொடுத்தாள். "ஸார், கேமராவை எங்க வெச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்ன எடத்துலதான்மா!" பர்ஸை எடுத்தார், நாலாக மடித்த கடிதத்தைப் பிரித்தார், நீதிமன்றத்தில் படிக்கிற மாதிரி படித்தார். "'சாதனத்தை எப்போதும் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்.' வெச்சிருக்கேன். ஒரு நாள் தவறாம வெச்சிருக்கேன்."

"குளிர்ச்சியான எடம்னா, எது ஸார்?"

"ஐஸ் பெட்டி."

எல்லாரும் திரும்பி அவருடைய வண்டியைப் பார்த்தோம்.

"வண்டிக்குப் பின்னால இருக்கே, பீர் வைக்கிற பெட்டி. எங்க ஊர்ல அதை விட்டா வேற குளிர்ச்சியான எடம் ஏது? காலையில ஐஸ் கட்டி போடறேன், மேல கேமரா, பக்கத்துல சாப்பாடு. இதுல என்ன தப்பு?"

செலா இருமினாள். இருமல் மாதிரிதான் இருந்தது, ஆனால் இருமல் இல்லை. போனைக் கொஞ்ச நேரம் கையால் பொத்திக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

"ஸார், ஐஸ்லேருந்து பீர் பாட்டிலை வெளிய எடுத்தா என்ன ஆகும்?"

"வேர்க்கும்."

"உங்க கேமராவும் வேர்க்குது ஸார். லென்ஸ் மேல தண்ணி படலமாப் படியுது. இந்தக் கேமராவால தண்ணிக்குள்ளாறப் பாக்க முடியாது. சாம்பல்தான் தெரியும். நீங்க பார்சல் கட்டி, அது எங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள காஞ்சு போயிடுது. நாங்க பாத்தா நல்லா இருக்கு. தப்பு எங்க மேலயும் இருக்கு. ஐஸ் பெட்டி வேணாம்னு நாங்க எழுதலை."

"யார் எழுதுவாங்க?" என்றாள் லொரெட்டா. "யாருக்குத் தோணும் அது?"

டாரியோ கைக்குட்டையை எடுத்து லென்ஸைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி ஆவி படிந்தது.

"துடைச்சாப் போகாது ஸார். கேமரா உடம்பே ஜில்லுன்னு இருக்கு. சூடு பண்ணணும், ஆனா மெதுவா. பிளாஸ்டிக் பையில போட்டு வாயை இறுக்கிக் கட்டிட்டு..."

"என்கிட்ட சூடா வைக்கற பெட்டி இருக்கு, பப்ஸுக்கு!" என்றேன்.

"வேணாம்!" என்று அலறினாள் செலா. "பேட்டரி மறுபடி உப்பிடும். மனுஷ உடம்புச் சூடு போதும். யாராவது வயித்தோட அணைச்சு வெச்சிருந்தா இருபது நிமிஷம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வயிற்றின் அளவு ஒரு காரணம். இன்னொரு காரணம் என்னவென்று எனக்கே தெரியும்.

கம்பளிச் சட்டைக்குள் அந்தப் பையை வைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐஸ் கட்டியை விழுங்கின மாதிரி இருந்தது. மெர்ல் எதிரில் நின்று கடிகாரத்தையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "அசையாத, க்வெண்டா. பேசாத." அசையாமல் இருப்பது சுலபம். இரண்டு பேர் தபால்தலை கேட்டு வந்தார்கள், கெல்வின் எடுத்துக் கொடுத்தான். செலாவின் மேலதிகாரி யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "ஒரு கஷ்டமான கேஸ்" என்று அவள் பதில் சொன்னதும் கேட்டது.

நாலு ஐம்பதுக்குப் பையைப் பிரித்தோம். டாரியோ கேமராவைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தார்.

"தெரியுதா?" என்றாள் மெர்ல்.

"தெரியுது. கன்னம் ரெண்டும் பளபளன்னு எரியுது. வெக்கமா இருக்கும்."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பத்து நிமிஷம் முன்னாலேயே கதவைப் பூட்டினேன். போனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால் செத்துப்போகும். அதனால் அதை ஜன்னல் விளிம்பில் வைத்து, லொரெட்டாவைக் காவல் வைத்தோம். டாரியோ வயல் ஓரமாக நடந்து, ஒவ்வொரு வரிசைக்கும் நின்று, குனிந்து இரண்டு கரும்பு வரிசைக்கு நடுவில் நீளமாக உள்ளே பார்த்தார். ரோட்டு நடுவில் நின்ற கெல்வின், ஒவ்வொன்றுக்கும் லொரெட்டாவைப் பார்த்துக் கத்தினான்.

"பதினஞ்சு, ஒண்ணுமில்ல!"

லொரெட்டா அதைப் போனில் சொன்னாள். போனிலிருந்து "அய்யோ" வந்தது.

"இருபத்திரண்டு! எலி!"

தண்ணீர் டேங்க் வண்டிகள் வந்து நின்றுவிட்டன. ஓட்டி வந்தவர்கள் இறங்கி மணியைப் பார்த்தார்கள். ஐந்து பத்து. மெர்ல் கை நகத்தைக் கடித்துக்கொண்டு டாரியோவுக்குப் பின்னாலேயே போனாள். முப்பது, முப்பத்தைந்து. நாற்பத்தொன்றாவது வரிசையில் டாரியோ குனிந்தவர் நிமிரவில்லை.

"மெர்ல்" என்றார், மெதுவாக. "இங்க வா."

கேமராவை அவள் கண்ணில் வைத்தார். அவள் பார்த்துவிட்டு அழுதாள். பிறகு நானும் வாங்கிப் பார்த்தேன். இருபதடி உள்ளே, சோகைக் குவியலுக்கு நடுவில், வெள்ளையாக ஒரு பூசணிக்காய். அதோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன வெள்ளை மிளகாய்கள்.

"கிடைச்சிடுச்சு!" என்று கெல்வின் கத்தியது அடுத்த பண்ணைக்கும் கேட்டிருக்கும்.

மெர்ல் படுத்து, கைகளை ஊன்றி உள்ளே ஊர்ந்து போனாள். "அஞ்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "எதுலயாவது தூக்கணும், கையில நிக்க மாட்டேங்குது! ஏதாவது குடுங்க!"

டாரியோ வண்டிக்கு ஓடினார். முன்கண்ணாடிக்குக் கீழே கம்பெனிக்காரன் கொடுத்த தொப்பிகள் நாலும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. நாலையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். ஒவ்வொன்றாக நிரம்பி வெளியே வந்தது. தொப்பிக்கு ஒரு குட்டி, கண் திறக்காதது, முனகிக்கொண்டு. ஐந்தாவதற்குத் தொப்பி இல்லை.

"அந்தப் பையைக் குடு, இடுப்புல மாட்டியிருக்கியே" என்றாள் மெர்ல்.

"அது கேமராவோட உறை, மெர்ல்."

"கேமராவுக்குத்தான் உனக்கு ஐஸ் பெட்டி இருக்கே."

கொடுத்துவிட்டார். கடைசியாகப் புட்டிங் வந்தாள், எங்கள் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு. டேங்க் வண்டிக்காரர்கள் கை தட்டினார்கள். ஐந்தரைக்கு, சொன்ன நேரத்துக்கு, டாரியோ தீ வைத்தார். ஜன்னல் விளிம்பில் போன் இன்னும் உயிரோடுதான் இருந்தது. கரும்பு வெடிக்கிற சத்தத்தைச் செலா கேட்டாள். அவளுடைய வேலை நேரம் ஐந்து மணிக்கே முடிந்துவிட்டதாம்.

"ஸார், கடைசியா ஒண்ணு" என்றாள். "இந்தக் கால் முடிஞ்சதும் மார்க் போடச் சொல்லி ஒரு மெசேஜ் வரும். லேபுக்குப் பூஜ்யம் போடுங்க, எழுதின ஆளுக்குப் பூஜ்யம் போடுங்க, பரவாயில்ல. எனக்கு மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க."

டாரியோ அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டார். 'வேறு ஏதேனும் கருத்து' என்கிற இடத்தில், 'பாட்டை மாத்தவும்' என்று எழுதினார்.

குட்டிகள் இப்போது கண் திறந்துவிட்டன. காட்டுகிறேன் என்று மெர்ல் பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிடுகிறாள். அதில் பெண் குட்டி ஒன்றுக்குச் செலா என்று பெயர். இன்னொன்றுக்கு என் பெயர் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். ஐந்திலும் அதுதான் ஓயாமல் குரைக்கிறதாம். கேமரா இப்போது டாரியோ வீட்டு அலமாரியில், துணி அடுக்குக்குள் இருக்கிறது. பன்றிகள் அடுத்த வயலுக்கு இடம் மாறிவிட்டன. அங்கே அவற்றை வெள்ளை வெள்ளையாக அவரால் எண்ண முடிகிறது.

நேற்றுக் கம்பெனியிலிருந்து டாரியோ பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. எடை இல்லை. லேசாக அழுத்திப் பார்த்தேன், உள்ளே எதுவோ பொதுக்கென்று அமுங்கி எழும்பியது, முன்பக்கம் மட்டும் விறைப்பாக. கெல்வின் "என்னது அது?" என்று கேட்டான். அவனிடம் சொல்லவில்லை. வாசலுக்குப் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம், வெட்டிய தூரில் துளிர்த்த கட்டைக் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மனுஷனைப் பார்த்துக் கத்தினேன்.

"டாரியோ! அஞ்சாவது தொப்பி வந்திருக்கு! காஞ்சுதான் இருக்கு!"